பாட்டில் கெட்டி, கணக்கில் மட்டமா? நுண்ணறிவு ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. நன்றாகப் பாடுவாள், ஆடுவாள். கணக்கில் மட்டும் தடுமாறுகிறாள். பள்ளியில் ‘பன்முக நுண்ணறிவு’ டெஸ்ட் என்று ஒன்று வைத்தார்கள். இசை நுண்ணறிவும் உடல்சார் நுண்ணறிவும் ‘மிக அதிகம்’, தர்க்க-கணித நுண்ணறிவு ‘குறைவு’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. பாட்டாகச் சொல்லிக்கொடுத்தால் கணக்கு வரும் என்கிறார் ஆசிரியை. ஐக்யூ டெஸ்ட் எடுத்தால் உண்மை தெரிந்துவிடும் என்கிறார் என் கணவர். உறவினர் ஒருவர் கைரேகையை ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: முதலில் அந்த ரிப்போர்ட்டோடு வந்த வினாத்தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இந்த வகை டெஸ்டுகளில் பெரும்பாலும் ‘பாட்டு கேட்டால் எனக்கு உற்சாகம் வரும்’, ‘புதிர் போடுவது எனக்குப் பிடிக்கும்’ என்ற மாதிரி வாக்கியங்கள் இருக்கும். பிள்ளை ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும். உங்கள் மகள் பூர்த்தி செய்ததும் அப்படி ஒரு தாள்தான் என்றால், அது அவளுடைய விருப்பத்தை அளந்திருக்கிறது. திறமையை அளக்கவே இல்லை. கணக்கில் அடிபட்ட பிள்ளை புதிருக்கு நேரே ‘ஒன்று’ போடுவதில் என்ன ஆச்சரியம்? அவள் சொன்னதையே அவளிடம் திருப்பிச் சொல்லி, அதற்கு நுண்ணறிவு என்று பெயரும் வைத்திருக்கிறார்கள்.

பன்முக நுண்ணறிவுக் கோட்பாட்டை 1983இல் முன்வைத்தவர் ஹார்வர்டின் ஹோவர்டு கார்ட்னர். மூளையில் ஓரிடத்தில் அடிபட்டால் பேச்சு போய் இசை மட்டும் மிஞ்சுவது, மற்ற எதிலும் பின்தங்கிய ஒருவர் ஒரே ஒரு துறையில் அசாத்தியத் திறமை காட்டுவது போன்ற சான்றுகளைத் தொகுத்து, மொழி, தர்க்கம், வெளி (இடத்தையும் வடிவத்தையும் மனதில் காண்பது), இசை, உடல், பிறரை அறிதல், தன்னை அறிதல் என ஏழு வகை சொன்னார். இயற்கையை அறியும் திறனைப் பின்னால் எட்டாவதாகச் சேர்த்தார். ஆசிரியர்களுக்கு இது மிகவும் பிடித்துப்போனது. எல்லாப் பிள்ளையிடமும் ஏதோ ஒன்று இருக்கிறது என்பது யாருக்குத்தான் பிடிக்காது?

உளவியல் ஆய்வாளர்கள் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ளவில்லை. அதற்குக் காரணம் 1904லேயே இருக்கிறது. ஒரு பாடத்தில் நன்றாகச் செய்கிற மாணவர்கள் மற்றப் பாடங்களிலும் நன்றாகச் செய்யும் போக்கு இருப்பதை சார்லஸ் ஸ்பியர்மன் அந்த ஆண்டு கணக்குப் போட்டுக் காட்டினார். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பொதுக்காரணி ஓடுகிறது என்பது அவர் முடிவு. 1938இல் தர்ஸ்டன் அதை மறுத்து ஏழு அடிப்படைத் திறன்கள் என்றார். புதிய சிக்கலை அவிழ்க்கும் திறன் வேறு, கற்றுச் சேர்த்துவைத்த அறிவு வேறு என்று பிரித்தார் ரேமண்ட் கட்டெல். 1993இல் ஜான் கரோல் நூற்றுக்கணக்கான பழைய தரவுகளைத் திரும்ப அலசி, உச்சியில் பொதுத்திறன், அதன்கீழ் சில பரந்த திறன்கள், அவற்றின்கீழ் பல நுண்திறன்கள் என்று மூன்றடுக்காக வைத்தார். இன்றைய ஐக்யூ சோதனைகள் ஏறக்குறைய இந்த வரைபடத்தை ஒட்டியே அமைகின்றன.

கார்ட்னரின் எட்டு வகைகளுக்கும் உண்மையான திறன் சோதனைகள் வைத்து 2006இல் ஓர் ஆய்வு வந்தது. மொழி, தர்க்கம், வெளி போன்றவை ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தன. இசையும் உடலியக்கமும் ஓரளவு தனித்து நின்றன. ஆகவே உங்கள் மகளின் இசைத் திறமை தனிச் சொத்தாகவே இருக்கலாம். ஆனால் இசை அதிகம் என்பதால் தர்க்கம் குறைந்தாக வேண்டும் என்று எந்தக் கோட்பாடும் சொல்லவில்லை.

ஆசிரியையின் யோசனைக்கு வருகிறேன். வாய்ப்பாட்டை ராகம் போட்டுப் படித்தால் மனதில் நிற்கும். அது எந்தப் பிள்ளைக்கும் நிற்கும். ‘இவள் இசை வகைப் பிள்ளை, இவளுக்குப் பாட்டு வழியாகத்தான் ஏறும்’ என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை. ஒவ்வொருவரின் கற்றல் பாணிக்கும் (பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்பது போல) ஏற்பக் கற்பித்தால் பலன் கூடும் என்ற நம்பிக்கையை 2008இல் நான்கு உளவியலாளர்கள் ஆராய்ந்து, அதை நிறுவப் போதிய சான்று இல்லை என்று எழுதினார்கள். தன் கோட்பாட்டைக் கற்றல் பாணியோடு போட்டுக் குழப்ப வேண்டாம் என்று கார்ட்னரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். மேலும், பின்னத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பாட்டு விளக்காது.

கணக்கு எங்கே இடறுகிறது என்று நீங்களே பார்க்கலாம். ½ + ⅓ எவ்வளவு என்று கேளுங்கள். நிறையப் பிள்ளைகள் மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி 2/5 என்பார்கள். தப்பு என்று உடனே சொல்லிவிடாதீர்கள். “2/5 பாதியைவிடப் பெரிசா, சின்னதா?” என்று கேளுங்கள். தெரியாவிட்டால் ஒரே அளவில் இரண்டு தாள் பட்டைகளை எடுத்து, ஒன்றை இரண்டாகவும் இன்னொன்றை ஐந்தாகவும் பிரித்துக் கோடு போட்டு ஒப்பிடச் சொல்லுங்கள். பாதியோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டியும் விடை பாதியைவிடக் குறைந்துவிட்டதே என்று அவளே திடுக்கிட்டால், தர்க்கம் ஒழுங்காக வேலை செய்கிறது; வழிமுறைதான் தப்பாகப் பதிந்திருக்கிறது. அதைச் சில வாரங்களில் சரிசெய்துவிடலாம். மாறாக, எட்டில் ஐந்து போனால் எவ்வளவு என்பதற்கே இன்னும் விரல் விடுகிறாள், இரண்டு எண்களில் எது பெரிது என்பதிலேயே தயங்குகிறாள் என்றால், டிஸ்கால்குலியா எனப்படும் கணிதக் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று உளவியலாளரிடம் காட்டுவது நல்லது.

ஐக்யூ டெஸ்ட் அந்த இடத்தில் உதவும். 1905இல் பாரிசில் ஆல்பிரட் பினேயும் சிமோனும் முதல் சோதனையை உருவாக்கியதே, பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கத்தான். அறிவு பிறவியிலேயே நிர்ணயமாகிவிட்டது என்ற பேச்சை பினே கடுமையாக எதிர்த்தார். இன்றைய சோதனைகளில் அந்த வயதின் சராசரி 100. மூன்றில் இரண்டு பேர் 85க்கும் 115க்கும் நடுவில் வருவார்கள். டெஸ்ட் எடுத்தால் மொத்த ஸ்கோரை மட்டும் பிடித்துக்கொள்ளாதீர்கள். சொல்லறிவு, காட்சி-வெளி, புதிய சிக்கலில் யோசிப்பது, கேட்டதை மனதில் நிறுத்தி வேலை செய்வது, வேகம் என்று தனித்தனி ஸ்கோர்கள் இருக்கும். அவற்றுக்குள் பெரிய இடைவெளி இருக்கிறதா என்று கேளுங்கள். யோசிப்பதில் நல்ல ஸ்கோர், மனதில் நிறுத்துவதில் குறைவு என்றால், மனக்கணக்கைக் குறைத்து ஒவ்வொரு படியையும் எழுதிப் போட வைத்தாலே பாதிச் சுமை இறங்கும். ஓரிரு புள்ளி வித்தியாசத்துக்கெல்லாம் அர்த்தம் தேடாதீர்கள். நாள் மாறினால் அந்த அளவு மாறத்தான் செய்யும்.

கைரேகை ஸ்கேன் வேண்டாம். ரேகை கருவிலேயே உருவாகி ஆயுள் முழுக்க மாறாமல் இருக்கிறது. அதை வைத்து எந்த நுண்ணறிவு அதிகம் என்று சொல்வதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல கணக்கு ஆசிரியரிடம் சில வகுப்புகள் வைத்துவிடுங்கள்.