ஏரியைத் தூர்வாரலாம், பறவைக்குச் சேற்றை விட்டுவையுங்கள்

தஞ்சாவூரைச் சுற்றியுள்ள ஏரி, குளங்களில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பறவைகளைக் கவனித்துவரும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், டெல்டா மாவட்டத்து நண்பர்களின் கேள்விகளுக்கு எழுதிய பதில்கள்.

ஐயா, எங்கள் ஊர் இளைஞர்கள் பணம் திரட்டி ஏரியைத் தூர்வாரப் போகிறோம். முள்செடிகளை எல்லாம் அகற்றிவிட்டுக் கரை முழுக்க மரக்கன்று நட்டால் பறவைகள் வருமா? (வல்லம் அருகிலிருந்து)

தம்பி, சொந்த ஊர் ஏரிக்காகக் கூடியிருக்கிறீர்கள். உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். பொக்லைன் இறங்குவதற்கு முன் ஒரு காலைப்பொழுது கரையில் நின்று பாருங்கள். நாரை, கொக்கு, உள்ளான் எல்லாம் நடந்து இரை தேடுபவை. உள்ளானுக்குக் கணுக்கால் அளவுத் தண்ணீரே அதிகம். நாரைக்கு முழங்கால் அளவு போதும். ஏரியைத் தொட்டிபோல ஒரே ஆழத்துக்கு வெட்டிக் கரையைச் செங்குத்தாக நிறுத்திவிட்டால் நீரில் மூழ்கி இரை பிடிக்கும் நீர்க்காகமும் முக்குளிப்பானும்தான் மிஞ்சும். மதகுப் பக்கம் ஆழப்படுத்துங்கள். தண்ணீர் வந்து சேரும் பக்கத்தைச் சரிவாக, சேறாகவே விட்டுவிடுங்கள்.

நெய்வேலிக் காட்டாமணக்கையும் ஆகாயத்தாமரையையும் தயங்காமல் எடுங்கள். காட்டாமணக்கின் தண்டைக் கரையிலேயே போட்டுவிட்டு வந்தால் ஈரம் பட்டு மறுபடியும் துளிர்க்கும், உலர்த்தி எரித்துவிடுங்கள். கோரை, சம்பு, அல்லி ஆகியவற்றில் பாதியையாவது தொடாதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் நாங்கள் சிலர் ஒரு குளத்தில் கோரையை அடியோடு பிடுங்கி எறிந்தோம். குளம் கண்ணாடிபோல் இருக்கிறது என்று ஊரே பாராட்டியது. அடுத்த மழைக்காலத்தில் அங்கே கோரைக்குள் வாழும் தாழைக்கோழி ஒன்றின் குரல்கூடக் கேட்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

முள்செடி என்றால் எது என்று பிரித்துப் பாருங்கள். சீமைக்கருவேலம் வேறு, நாட்டுக் கருவேலம் வேறு. தண்ணீர் சூழ நிற்கும் நாட்டுக் கருவேலத்தில் கட்டிய கூட்டை நாயும் பூனையும் எளிதில் எட்ட முடியாது. அதை வெட்டிவிட்டுக் கரையில் நூறு கன்று நட்டாலும் அந்தப் பாதுகாப்பு வராது. சீமைக்கருவேலத்தில் கூடு இருந்தால் குஞ்சுகள் பறக்கும்வரை அதையும் விட்டுவையுங்கள். ஏரி நீர்வளத்துறையுடையதா, ஊராட்சியுடையதா என்று கேட்டு எழுத்துமூலமாக அனுமதி வாங்கிய பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

நாற்றங்காலில் நத்தைக்குத்தி நாரைகள் கூட்டமாக இறங்கி மிதிக்கின்றன. வெடி வைத்து விரட்டலாமா? (மன்னார்குடி விவசாயி)

வெடி வேண்டாம் ஐயா. உங்கள் கோபம் நியாயமானது. முளைத்த பயிர் மிதிபடுவதைப் பார்க்க யாருக்கும் மனம் வராது. நாற்றங்காலைச் சுற்றி நாற்று வேர்பிடிக்கும்வரை மின்னும் நாடாவைக் கட்டுங்கள். நடவு முடிந்து பயிர் ஊன்றிக்கொண்ட பிறகு அந்த நாரை உங்களுக்கு உதவிக்கு வருகிறது. அது தேடுவது நத்தையை. வரப்பில் வளை போடும் நண்டையும் பிடித்துத் தின்னும்.

எலிக்கும் இதையே சொல்வேன். தென்னை மட்டையைத் தலைகீழாக ஊன்றிவைத்தால் இரவில் கூகை வந்து உட்காரும். நஞ்சு தின்ற எலியைக் கூகை தின்றால் கூகையும் சாகக்கூடும். ஆகவே மருந்தைவிட, எலியைப் பிடிக்கும் பொறியான தஞ்சாவூர்க் கிட்டி மேல்.

சாலையோரத்தில் உயிரோடு கொக்கு, மடையான் விற்கிறார்கள். விலை கொடுத்து வாங்கிப் பறக்கவிட்டேன். செய்தது சரிதானே? (கும்பகோணம், கல்லூரி மாணவி)

உன் மனசு பெரிது அம்மா, ஆனால் இனி வாங்காதே. விற்றவர் அந்தப் பணத்தோடு மறுநாளும் வலை விரிக்கப் போவார். பறவை பிடிப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், வாங்குவதும் அப்படியே. இடத்தையும் நேரத்தையும் குறித்து வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் கொடு. தனியாக நின்று வாக்குவாதம் செய்ய வேண்டாம்.

அணைக்கரைப் பக்கம் கொள்ளிடத்தில் முதலைகள் இருக்கின்றன. பிடித்து வேறு எங்காவது கொண்டுபோய் விட்டால் என்ன?

ஆறுதான் அவற்றின் வீடு. ஊருக்குள்ளோ குளத்துக்குள்ளோ வந்துவிட்ட முதலையை வனத்துறையினர் பிடிக்கட்டும். ஆற்றில் இருப்பதைப் பொறுத்தவரை, நாம்தான் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்: இருட்டிய பிறகு இறங்காதீர்கள், மீன், கோழிக் கழிவுகளைக் கரையில் கொட்டாதீர்கள். ஆடு மாடு குளிப்பாட்டத் தனிப் படித்துறை கேட்டு ஊராட்சியில் மனுக் கொடுங்கள்.

கடல் பக்கம் யாராவது ஏதாவது செய்கிறார்களா?

செய்கிறார்கள். 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. ஆனால் வலையில் சிக்கிய கடற்பசுவை வலையை அறுத்துக் கடலில் விடுபவர்கள் மீனவர்களே. அறுந்த வலைக்கு உரிய பணம் தாமதமின்றிக் கிடைக்க வேண்டும்.

என் மகள் ஆறாம் வகுப்பு. பறவை பார்க்க ஆசைப்படுகிறாள். எங்கே தொடங்குவது? (தஞ்சாவூர்)

வீட்டுக்குப் பக்கத்துக் குளத்தில் தொடங்குங்கள். வாரம் ஒருமுறை, அதே நேரம், பதினைந்து நிமிடம்; பார்த்ததை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் அவளும் சேரலாம். அப்படியே மன்னார்குடி சாலையில் வடுவூர் ஏரிக்கும் அழைத்துப் போங்கள். 1999-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஏரி அது. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. கோடையில் போனால் வறண்டு கிடக்கும். டிசம்பர், ஜனவரியில் விடிவதற்குச் சற்று முன்பே கரையில் இருங்கள்.