உத்தரத்தில் கீறியிருப்பது ஆண்டு அல்ல

உத்தரத்தில் கீறியிருக்கும் குறி வீடு கட்டிய ஆண்டு இல்லை, தச்சர் போட்ட பொருத்து எண். இங்கிலாந்தின் சஃபோக்கில் நீங்கள் வாடகைக்கு இருக்கும் மரச்சட்ட வீட்டின் உத்தரத்தில் ஒரு பெருக்கல் குறியும் பக்கத்தில் நான்கு கோடுகளும் இருக்கின்றன, வீடு கட்டிய ஆண்டா என்று கேட்டு எழுதியிருந்தீர்களே, அது ரோமன் எண்ணில் 14. நாலைப் பள்ளியில் படித்தபடி எழுதாமல் நான்கு கோடாகவே இழுத்துவிடுவார்கள். கட்டையை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஆறோடு குழம்பாது.

அந்தக் காலத்தில் பச்சை ஓக் மரத்தை உலரவிடாமலேயே அறுத்து, ஒரு சுவருக்கான சட்டம் முழுவதையும் தரையில் படுக்கவைத்து ஒவ்வொரு மூட்டையும் தனித்தனியாகச் செதுக்கிப் பொருத்துவார்கள். ஒரு மூட்டுக்குச் செதுக்கிய நாக்கு போன்ற முனை இன்னொரு மூட்டின் துளைக்குச் சேராது. அப்புறம் எல்லாவற்றையும் கழற்றி மனைக்குக் கொண்டுபோய் நிமிர்த்தும்போது எது எதோடு சேரும் என்று தெரிய வேண்டுமே, அதற்குத்தான் இந்தக் கீறல்.

இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை மரத்தோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். அந்த மூட்டில் சேரும் தூணிலோ சாய்வுக் கட்டையிலோ அதே 14 இருக்க வேண்டும். அடுத்த மூட்டில் 13 அல்லது 15 கிடைத்தால் சந்தேகமே வேண்டாம்.

எண்கள் தாறுமாறாகத் தாவி, எதுவும் சேராத வெற்றுத் துளைகளும் இருந்தால், அந்த மரம் வேறொரு கட்டடத்திலிருந்து பெயர்த்து வந்ததாக இருக்கலாம். உடனே யாராவது பழைய கப்பல் மரம் என்பார்கள், பெரும்பாலும் அப்படி இருக்காது. எண்ணை மட்டும் வைத்து வயதும் சொல்ல முடியாது, அதற்கு மர வளையங்களின் அகலத்தை அளந்து ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வு வேண்டும், வீட்டுக்காரர் சம்மதமும் வேண்டும். தெளிவாகத் தெரியட்டும் என்று தயவுசெய்து கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், கீறல் அழிந்தால் அழிந்ததுதான்.