சிரித்தால் வித்துவான் இல்லையா?

கேள்வி: அமெரிக்கக் கறுப்பின ட்ரம்பெட் கலைஞர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங் 1928-க்குப் பிறகு ஜாஸ் மேதை இல்லை, கைக்குட்டையும் சிரிப்புமாக ஜனரஞ்சகப் பாட்டுப் பாடி விலைபோய்விட்டார் என்கிறேன். சரிதானே? (திருச்சி வாசகர்)

பதில்: இல்லை. அவருடைய 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' இசைத்தட்டை மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள், புரிகிறது. 1928 ஜூனில் சிகாகோவில் பதிவானது. ஆரம்பத்தில் பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் ட்ரம்பெட் மட்டும் தனியாக ஏறி, உச்சியில் ஒரு கணம் நின்று, உருண்டு இறங்கும். அந்தச் சில விநாடிகளுக்காகவே அவரைக் கும்பிடலாம். ஆனால் அதே தட்டில் அவர் பாடவும் செய்கிறாரே, அதை ஏன் வசதியாக மறந்துவிட்டீர்கள்? 1926-லேயே 'ஹீபி ஜீபீஸ்' தட்டில் அர்த்தமில்லாத அசைகளை வைத்துப் பாடிக் கலக்கியவர் அவர். பாட்டு வயசான காலத்தில் வயிற்றுப்பாட்டுக்காகப் பிடித்துக்கொண்டது இல்லை.

அவருடைய ஜனரஞ்சகப் பாட்டுகளில் பெரிய வெற்றியான 'ஹலோ டாலி'யின் கதையும் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. 1963 டிசம்பரில் ஏதோ ஒரு வேலை என்று பதிவு செய்துவிட்டு மறந்தே போனார். வெளியூர்க் கச்சேரிகளில் ஜனங்கள் அதைக் கேட்டுக் கத்த, இவர் 'அது என்ன பாட்டு?' என்று கூட வாசிப்பவர்களிடம் விசாரித்து, தட்டை வரவழைத்துத் தன் பாட்டைத் தானே மறுபடி பாடம் பண்ண வேண்டியிருந்தது. 1964 மே மாதம், 14 வாரமாக முதலிடத்தை விடாமல் வைத்திருந்த பீட்டில்ஸை அதுதான் இறக்கியது. அப்போது அவருக்கு 62 வயது. திட்டம் போட்டு விலைபோகிறவர் இவ்வளவு அசட்டையாகவா இருப்பார்?

அப்புறம் அந்தச் சிரிப்பு. இன்னொரு ஜாஸ் ட்ரம்பெட் மேதை டிஸி கிலெஸ்பியும் அது வெள்ளையரைக் குளிர்விக்கிற சிரிப்பு என்று உங்களைப் போலவே கேலி செய்தவர்தான், பிற்பாடு தான் நினைத்தது தப்பு என்று எழுதிவிட்டார். 1957-ல் அர்க்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில், வெள்ளையர் பள்ளிக்குள் கறுப்புப் பிள்ளைகளை விடாமல் ஆளுநர் படையை நிறுத்தியபோது, ஜனாதிபதி ஐசனோவருக்குத் துணிச்சல் இல்லை என்று நிருபரிடம் பளிச்சென்று சொல்லி, அரசாங்கம் ஏற்பாடு செய்த ரஷ்யப் பயணத்தையும் வேண்டாம் என்றவர் இதே சிரிக்கிற மனிதர். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் வாசிக்கக் கூடாது என்று 1956-ல் லூயிசியானா மாநிலம் சட்டம் போட்டது. அதனால் அந்த மாநிலத்தில் இருக்கிற தன் சொந்த ஊர் நியூ ஆர்லியன்ஸில் 1965 வரை அவர் வாசிக்கவே இல்லை.

'ஹலோ டாலி'யில் அவர் பாடி நிறுத்தியதும் ட்ரம்பெட் நுழையும் இடத்தை ஒருமுறை கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள்.