முதல் விநாடி மட்டும் ஏன் நீளுகிறது?

கேள்வி: சுவர்க் கடிகாரத்தைச் சட்டென்று பார்த்தால், விநாடி முள் ஒரு கணம் நின்றுவிட்டுப் பிறகு நகர்வதுபோல் இருக்கிறது. கோளாறு கடிகாரத்திலா, என் கண்ணிலா?

பதில்: இரண்டிலும் இல்லை. கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும்போது காட்சி கலங்கி ஓடும். அந்தக் கலங்கலை மூளை நமக்குக் காட்டுவதில்லை. விடுபட்ட இடைவெளியை, தாவி முடித்தபின் கண்ட காட்சியைக் கொண்டே முன்தேதியிட்டு நிரப்பிவிடுகிறது. அதனால்தான் கண் போய்ச் சேர்வதற்கு முன்பிருந்தே முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்ததாக ஒரு நினைப்பு.

வீட்டிலேயே சோதிக்கலாம். 'டிக் டிக்' என்று விட்டுவிட்டு நகரும் முள் வேண்டும். வழுக்கிக்கொண்டே ஓடும் முள்ளில் தெரியாது. கடிகாரத்துக்குப் பக்கவாட்டில் இரண்டு மூன்றடி தள்ளி ஒரு புள்ளியைப் பார்த்திருங்கள். தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் முள்ளுக்குத் தாவவிடுங்கள். பத்து முறை செய்தால் சில முறைதான் பலிக்கும். முள் நகர்ந்த மறுகணமே கண் போய்ச் சேர வேண்டும்; விநாடியின் நடுவில் சேர்ந்தால், மிச்சமிருக்கும் நேரம் குறைவு என்பதால் நீட்சி அதில் கரைந்துவிடும்.

2001-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த அதிர்ஷ்டத்தை நம்பாமல், கண் தாவும்போதே திரையில் எண் மாறும்படி அமைத்தார்கள். தாவல் பெரிதானால் நீட்சியும் கூடியது. தாவலின் நடுவே எண்ணை இடம் மாற்றி, பார்ப்பவரும் அதைக் கவனித்துவிட்டால் மாயம் கலைந்தது. 'இது முதலிலிருந்தே இங்கேதான் இருந்தது' என்று மூளை இனி எப்படிச் சாதிக்கும்?

கேள்வி: விபத்தின்போது நேரமே மெதுவாகிவிடுகிறது என்கிறார்களே?

பதில்: 2007-இல் நரம்பியலாளர் டேவிட் ஈகிள்மன் குழுவினர், ஆட்களை 31 மீட்டர் உயரத்திலிருந்து பாதுகாப்பு வலைக்குள் விழவைத்தே பார்த்துவிட்டார்கள். சுமார் 2.5 விநாடி வீழ்ச்சி. பிறர் விழுந்ததைவிடத் தாம் விழுந்தது 36 சதவீதம் நீண்டதாக அவர்கள் மதிப்பிட்டார்கள். மணிக்கட்டுக் கருவியில் எண்களும், ஒளியும் இருளும் இடம் மாறிய அவற்றின் எதிர்ப்படிவங்களும், கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் மாறி மாறி மின்னின. மூளை வேகமெடுத்து உலகமே மெதுவாகத் தெரிந்திருந்தால், அவற்றை வாசித்திருக்க வேண்டும். முடியவில்லை. அச்சத்தில் நினைவுகள் நெருக்கமாகப் பதிந்து, பிறகு எண்ணிப் பார்க்கையில் நேரம் நீண்டு தெரிகிறது என்பது அவர்கள் விளக்கம்.

காத்திருப்பது வேறு கதை. அங்கே கவனம் முழுவதும் நேரத்தின் மேலேயே இருப்பதால் அப்போதே இழுக்கிறது. பிறகு நினைத்தால் சுருங்கிவிடும், பதிந்தது ஒன்றுமில்லை.

கேள்வி: அப்படியானால் ஐன்ஸ்டைன் சொன்ன கால நீட்சியும் மனத்தின் வேலைதானா?

பதில்: அடியோடு வேறு, சொல்லப்போனால் தலைகீழ். மனத்தில் நேரம் நீளும்போது கடிகாரம் மாறுவதில்லை, உணர்வு மட்டும் மாறுகிறது. ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாட்டில், வேகமோ ஈர்ப்போ வேறுபட்டால் கடிகாரங்களுக்கிடையே வேறுபாடு வரும், உணர்வில் எதுவும் தட்டாது. ஏனென்றால் கூடவே இருக்கும் மூளையும் அதே அளவில்தான் மாறுகிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் கடிகாரம் தரையிலுள்ளதைவிட நாளுக்குச் சுமார் 38 மைக்ரோவிநாடி முந்துகிறது. இதைத் திருத்தாவிட்டால் இடக்கணிப்பு நாளுக்குப் பல கிலோமீட்டர் பிசகும். அந்தச் செயற்கைக்கோளில் ஒருவர் ஏறி உட்கார்ந்திருந்தாலும், அவருக்கு விநாடி என்னவோ விநாடியாகத்தான் இருக்கும்.