பைத்தான் முட்டைப் பெட்டியில் வெப்பம் நிற்கமாட்டேன் என்கிறதா?

கேள்வி: நான் வளர்க்கும் பால் பைத்தான் (ball python என்ற வெளிநாட்டு மலைப்பாம்பு) ஆறு முட்டை இட்டிருக்கிறது. பாம்பை முறைப்படி மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிந்திருக்கிறேன். மீன் கடையில் வாங்கிய தெர்மோகோல் பெட்டியில் 60 வாட் பல்பும், சூட்டைப் பார்த்து அதை எரித்து அணைக்க ஆன்லைனில் வாங்கிய தெர்மோஸ்டாட்டும் வைத்து இன்குபேட்டர் செய்தேன். 31.5 டிகிரியில் வைத்தாலும் 29-க்கும் 35-க்கும் நடுவே ஆடிக்கொண்டே இருக்கிறது. இரவில் கரண்டும் போகிறது. அரை டிகிரி மாறினாலும் எல்லாக் குட்டிகளும் பெண்ணாகிவிடும் என்று நண்பர் பயமுறுத்துகிறார். பேசாமல் ரெடிமேட் இன்குபேட்டர் வாங்கிவிடலாமா?
- வேளச்சேரி வாசகர்

பதில்: வாங்காதீர்கள். கையில் இருக்கும் பெட்டியே போதும், அதைக் கொஞ்சம் திருத்தினால் சரியாகிவிடும்.

முதலில் அந்த ரெடிமேட் விஷயம். 'ஊர்வன முட்டைக்கும் ஏற்றது' என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்பவற்றில் பல, கோழி முட்டை இன்குபேட்டர்கள்தான். கோழிக்கு 37.5 டிகிரி வேண்டும், முட்டையை அடிக்கடி புரட்டவும் வேண்டும். அதற்காக உள்ளே தட்டு தானாகச் சாய்ந்து சாய்ந்து நிமிரும். பாம்பு முட்டையில் கதையே வேறு. இட்ட ஒன்றிரண்டு நாளில் கரு ஓட்டின் உட்புறம் மேல்பக்கமாக ஒட்டிக்கொள்ளும். அப்புறம் முட்டையைப் புரட்டினால் கரு செத்துப்போகலாம். தட்டு ஆடாமல் நிறுத்த முடியுமா என்று விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்கு அந்தக் கேள்வியே புரியாது. பெட்டிக்கு உத்தரவாதம் உண்டு சார் என்பார்கள், முட்டைக்கு யார் உத்தரவாதம் தருவது? உங்கள் முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பிரிக்கவும் வேண்டாம். மேல்பக்கம் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு, அப்படியே விட்டுவிடுங்கள்.

இனி உங்கள் பெட்டி. அதன் முக்கியக் கோளாறு தெர்மோஸ்டாட்டில் இல்லை, பல்பில் இருக்கிறது. இரண்டடி நீளத் தெர்மோகோல் பெட்டியை 26 டிகிரி அறையில் 31.5-ல் வைத்திருக்க, மூடி சரியாக மூடியிருந்தால், பத்து வாட் சூடு போதும். நீங்கள் அறுபது வாட்டை வைத்திருக்கிறீர்கள். பல்பு எரிந்ததும் காற்று மளமளவென்று சூடாகிறது. சென்சார் அதை உணர்ந்து அணைப்பதற்குள் 35-ஐத் தொட்டுவிடுகிறது. பழைய பாணி ஜீரோ வாட் பல்பு, அதாவது இழை உள்ளது, 15 வாட் வரை எடுக்கும். அது உங்களுக்குச் சரியாக இருக்கும். கடையில் கேட்டால் எல்இடி ஜீரோ வாட்டை நீட்டுவார்கள். அதில் சூடே வராது, இழை பல்புதான் வேண்டும் என்று அழுத்திக் கேளுங்கள். பல்பு தெர்மோகோலில் படக் கூடாது, பட்டால் உருகும், தீயும் பிடிக்கும். சின்ன மண்தொட்டியைக் கவிழ்த்து அதற்குள் பல்பை வைத்தால் சூடும் நிதானமாகப் பரவும்.

அடுத்தது தண்ணீர். பெட்டியின் அடியில் ஒரு லிட்டர் பாட்டில் பத்தை நிரப்பிப் படுக்க வையுங்கள், மூடியை இறுக்குங்கள். அதன் மேல் கம்பித் தட்டு, தட்டின் மேல் முட்டை டப்பா. வெறும் காற்று நொடியில் சூடாகும், நொடியில் ஆறும். பத்து லிட்டர் தண்ணீர் அப்படி அவசரப்படாது. குடும்பத்தில் எல்லாரும் கத்தும்போது வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பாட்டி மாதிரி அது. உங்கள் கரண்ட் கவலையும் இதிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும். அறை 26-ல் இருந்து மூன்று மணி நேரம் கரண்ட் இல்லாவிட்டாலும் பெட்டி இரண்டு டிகிரிக்கு உள்ளாகத்தான் இறங்கும். கரண்ட் போனால் ஏசியும் நிற்கும், அறையும் சூடாகும் என்பதால் அவ்வளவுகூட இறங்காது. இதற்காக இன்வெர்ட்டர் வாங்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

சில மணி நேரம் 28-க்கு இறங்குவதால் பைத்தான் முட்டைக்கு ஒன்றும் ஆகாது, பொரிப்பது கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். சூடு ஏறுவதுதான் ஆபத்து. 34-ஐத் தாண்டி நீடித்தால் முதுகெலும்பு கோணிய குட்டிகள் பிறக்கும், அல்லது முட்டையிலேயே சாகும். ஆகவே மேல்பக்கம் மட்டும் கறாராக இருங்கள்.

சென்சாரை எங்கே தொங்கவிட்டிருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பல்புக்குப் பக்கத்திலா? அநேகமாக அங்கேதான். அதை எடுத்து, முட்டை டப்பாவுக்குள், முட்டைகளுக்கு நடுவே, அதே உயரத்தில் டேப் போட்டு ஒட்டுங்கள். நமக்குத் தேவை முட்டையின் சூடுதான், காற்றின் சூடு அல்ல. தெர்மோஸ்டாட்டில் 'இத்தனை டிகிரி குறைந்தால்தான் திரும்ப எரி' என்று ஓர் அமைப்பு இருக்கும். விலை குறைந்த தெர்மோஸ்டாட்களில் அது பெரும்பாலும் 2 டிகிரியில் வரும், அரை டிகிரிக்குக் குறையுங்கள்.

அந்தத் திரையில் தெரியும் எண்ணையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வீட்டில் இருக்குமே, ஒரு டம்ளரில் வெதுவெதுப்பாக, 37 டிகிரி அளவில் தண்ணீர் எடுத்து, அதையும் சென்சாரையும் சேர்த்துப் பிடித்துக் கலக்குங்கள். இரண்டும் காட்டும் எண்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம்தான் உங்கள் தெர்மோஸ்டாட் சொல்லும் பொய். ஒன்றரை டிகிரி தப்பாகக் காட்டும் சென்சார்கள் சர்வசாதாரணம். அதைக் கழித்தோ கூட்டியோ வையுங்கள்.

சரி, பெண்ணாகிவிடும் என்ற பயம். உங்கள் நண்பர் சொல்வது வேறு பிராணிகளுக்கு உண்மை. முதலைகளுக்கு ஆண் பெண் என்பதைத் தீர்மானிக்கும் குரோமோசோம் கிடையாது, அடைகாக்கும் சூடுதான் தீர்மானிக்கும். நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் முதலைப் பண்ணையின் சதுப்புநில முதலை முட்டைகளை வைத்துச் செய்த ஆய்வு 1989-ல் வெளியானது: 31 டிகிரி வரை வைத்தால் எல்லாம் பெண், 32.5-ல் ஆண்கள். ஒன்றரை டிகிரியில் ஒரு தலைமுறையே மாறிப்போகிறது! கடலாமைகளிலும் சூடு கூடினால் பெண்கள். லெபர்ட் கெக்கோ பல்லியில் 26, 27-ல் பெரும்பாலும் பெண், 32-ஐ ஒட்டி ஆண், இன்னும் கூட்டினால் மறுபடி பெண். ஆனால் பாம்புகளில், உங்கள் பைத்தான் உட்பட, ஆண் பெண் குரோமோசோமில் முடிவாகிவிடும். முட்டை உங்கள் கைக்கு வந்தபோதே அது தீர்ந்துபோன விஷயம். 30-ல் வைத்தாலும் 32-ல் வைத்தாலும் மாறாது. நண்பருக்கு லெபர்ட் கெக்கோ இருந்தால் அவர் கவலைப்படட்டும்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது சென்னை வெயிலுக்கு. பல்பும் தெர்மோஸ்டாட்டும் சூடாக்கத்தான் முடியும், குளிரவைக்க முடியாது. கத்திரியில் மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் அறை பிற்பகலில் 36-க்குப் போகும். பல்பு அணைந்தே கிடந்தாலும் பெட்டி ஏறும். வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில், தரையில், ஜன்னலுக்கும் டிவிக்கும் தள்ளி வையுங்கள். பகலில் ஏசி ஓடும் படுக்கையறை என்றால் இன்னும் நல்லது.

மலிவான தெர்மோஸ்டாட்டின் ரிலே, அதாவது பல்பை எரித்து அணைக்கும் உள்சுவிட்ச், சில நேரம் ஒட்டிக்கொள்ளும். அப்போது பல்பு அணையவே அணையாது. 60 வாட் பல்பு என்றால் பெட்டி அறையைவிட நாற்பது டிகிரி வரை ஏறலாம். 15 வாட் என்றால் பத்து டிகிரிதான், அதுவும் பல மணி நேரம் எடுத்து ஏறும், கவனிக்க உங்களுக்கு நேரம் கிடைக்கும். இன்னொரு தெர்மோஸ்டாட்டை 33-ல் வைத்து, எது அணைத்தாலும் பல்பு அணையும்படி இரண்டையும் தொடராக இணைத்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம். 230 வோல்ட் வயரிங், பக்கத்தில் தண்ணீர், ஆகவே எலக்ட்ரீஷியனைக் கொண்டு செய்யுங்கள். மூடியைத் தினமும் திறந்து பார்க்க வேண்டாம், வாரம் ஒருமுறை போதும். 31.5-ஐ ஒட்டி நின்றால் சுமார் 55 முதல் 60 நாளில் ஓடு கிழியும்.

கடைசியாகக் காகித வேலை. பால் பைத்தான் சைட்ஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் இருப்பதால், 2022-ல் திருத்திய வனவிலங்குச் சட்டமும் 2024-ல் வந்த விதிகளும் அதற்குப் பொருந்தும். தாயைப் பதிந்தது போதாது, குட்டிகளையும் காட்ட வேண்டும். தளம் திணறும், அலுவலகத்தில் கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார், அந்த இன்னொருவர் லீவில் இருப்பார். விதியை எழுதியவர்கள் ஒருநாள் அந்த வரிசையில் நின்று பார்த்தால் தேவலை. இந்த இடைவெளியில்தான் புரோக்கர்கள் புகுந்துகொள்கிறார்கள். 'பேப்பர் எல்லாம் நான் பார்த்துக்கிறேன், குட்டியை மட்டும் கொடுங்க' என்பவரிடம் கொடுத்துவிட்டால், பதிவில் பெயர் உங்களுடையது, பாம்பு யாரிடமோ. 'சும்மா இந்த முட்டைகளையும் அதே பெட்டியில் வச்சுடுங்க' என்று நட்சத்திர ஆமை முட்டையை நீட்டினால் வாங்கவே வாங்காதீர்கள். அது வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உள்நாட்டு உயிரினம், நேராகச் சிறைக்கு வழி. பொரிந்ததும் குட்டிகளைத் தனித்தனியாகப் படம் எடுத்து, தேதி எழுதி, நீங்களே பதிவேற்றுங்கள். ஒப்புகை எண் வரும்வரை ஒரு குட்டிகூட வீட்டைவிட்டு வெளியே போக வேண்டாம்.