பனந்தும்பின் விறைப்பை நனோமீற்றர் அளவில் அளக்க முடியுமா?

கேள்வி: கிளிநொச்சியில் பொறியியல் படிக்கிறேன். இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்குப் பனந்தும்பை எடுத்திருக்கிறேன். அணுவிசை நுணுக்குக்காட்டியால் அதன் விறைப்பை நனோ அளவில் அளக்கலாம் என்கிறார்கள். நுணுக்குக்காட்டி பார்க்கத்தானே? அதால் எப்படி அளக்கிறது?

பதில்:

அளக்கலாம். ஆனால் அந்தக் கருவி யங்கின் மட்டை, அதாவது பொருளின் விறைப்பைச் சொல்லும் எண்ணை, நேரே தராது. ஒரு சின்னத் தகடு எவ்வளவு வளைந்தது என்று மட்டும் சொல்லும். மிச்சமெல்லாம் நாங்கள் போடுகிற கணக்கு.

1986இல் பினிக், குவேற், கேர்பர் மூவரும் வெளியிட்ட இந்த நுணுக்குக்காட்டி பொருளைப் பார்ப்பதில்லை, தொடுகிறது. பரவலாகப் பாவிக்கும் சிலிக்கன் தகடொன்று 125 மைக்றோமீற்றர் நீளம், 4 மைக்றோமீற்றர் தடிப்பு இருக்கும். அதன் நுனியில் கீழ்நோக்கி ஓர் ஊசி. ஊசிமுனையின் ஆரை 10 நனோமீற்றர் அளவு. தகட்டின் முதுகில் இலேசர் பட்டுத் தெறித்து, நான்காகப் பிரித்த ஒளியுணரியில் விழும். தகடு வளைந்தால் ஒளிப்பொட்டு நகரும். வளைவைத் தகட்டின் வில் மாறிலியால், அதாவது தகடு ஓரலகு வளையத் தேவையான விசையால், பெருக்கினால் விசை. உயர்தரத்தில் படித்த ஊக்கின் விதிதான், வேறொன்றும் இல்லை.

ஊசியின் தூரத்தோடு விசை மாறுவதைக் காட்டும் விசைக்கோடு திரையில் வரும். அதை ஆறுதலாக இருந்து பாருங்கள். ஊசி இறங்கும்போது கோடு தட்டையாகப் போகும். மேற்பரப்புக்குச் சில நனோமீற்றர் மேலே திடீரென்று கீழே இழுபட்டு ஒட்டும். பிறகு அழுத்த அழுத்தக் கோடு ஏறும். திரும்ப இழுத்தால் இலேசில் விடாது. தகடு மறுபக்கம் வளைந்து, கடைசியில் டக்கென்று கழரும். காற்றில் ஈரம் கூடினால் ஊசிக்கும் பொருளுக்கும் இடையில் நீர்ப் பாலம் உண்டாகி அந்த ஒட்டல் பெருகும். மாரியில் வன்னியில் வெட்டி எடுத்த தும்பை அப்படியே கொண்டுபோகாதீர்கள். செலுலோசுச் சுவர் ஈரம் குடித்தால் மெதுமையாகிவிடும். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பாத்திரத்தில் வைத்து, அளக்கும்போது இருந்த ஈரப்பதனையும் எழுதி வையுங்கள்.

தகட்டைத் தெரிவதில்தான் கனபேர் கோட்டை விடுகிறார்கள். குளக்கட்டு மண்ணை ஈர்க்கால் குத்தினால் ஈர்க்கு வளையும், மண் பதியாது. அலவாங்கால் குத்தினால் மண் பதியும், அலவாங்கு வளையாது. பதிவும் வளைவும் இரண்டுமே தெரிந்தால்தான் கணக்குப் போடலாம். உயிர்க்கலங்களுக்கு வில் மாறிலி மீற்றருக்கு 0.1 நியூற்றனிலும் குறைந்த தகடு எடுப்பார்கள். தும்பின் கலச்சுவருக்கு 40 உம் போதாது, 200 அளவில் வேண்டும்.

பிறகு அளவுதிருத்தம். நீலக்கல் போன்ற வன்மையான பரப்பில் அழுத்தி, ஒளியுணரியின் ஒரு வோல்ற்றுக்கு எத்தனை நனோமீற்றர் வளைவு என்று காண வேண்டும். வில் மாறிலியைப் பெட்டியில் அச்சடித்த எண்ணிலிருந்து எடுக்காதீர்கள். அது தடிப்பின் மும்மடியோடு மாறுவதால் தடிப்பில் சிறு வித்தியாசமே பெரிய பிழையாகும். விறைப்புக் குறைந்த தகடு என்றால் வெப்பத்தால் அது தானாக நடுங்குவதை அளந்தே மாறிலியைக் கணிக்கலாம்.

கடைசியில் ஊசிமுனை. விசையையும் பதிவையும் வைத்து மட்டைக் கணிப்பது 1882இல் ஹேர்ட்ஸ் தந்த தொடுகைச் சமன்பாட்டால். அதில் மட்டு, முனை ஆரையின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறாக மாறும். 10 நனோமீற்றர் என்று நம்பிய முனை தேய்ந்து 40 ஆகியிருந்தால் உங்கள் விடை உண்மையின் இரண்டு மடங்காக வரும். கருவி ஒரு எச்சரிக்கையும் தராது.

தும்பைப் பொறுத்தவரை என் அபிப்பிராயம் இது. எண் வேண்டுமென்றால் நனோ பதிவுக் கருவிக்குப் போங்கள். அதில் மூன்று பக்க வைர முனை நேராகவே இறங்கும். நுணுக்குக்காட்டித் தகடு போலச் சரிந்து நிற்காது. சுமையை எடுக்கும்போது வரும் சரிவிலிருந்து மட்டைக் காணும் முறையை 1992இல் ஒலிவரும் பாரும் எழுதினார்கள், இன்றும் அதுதான் ஓடுகிறது. சுவரில் எந்த அடுக்கு விறைப்பு, எது மெது என்று படம் வேண்டுமென்றால் அணுவிசை நுணுக்குக்காட்டி. இரண்டுக்கும் தும்பைப் பிசினில் பதித்து, வைரக் கத்தியால் குறுக்கே வழவழவென்று சீவியிருக்க வேண்டும். சீவல் சரியில்லை என்றால் மேற்கொண்டு அளந்து பிரயோசனமில்லை.

மரக் கலச்சுவர்களில் நனோ பதிவு முறையால் 10 முதல் 20 கிகாபஸ்கால் அளவில் விடை வருகிறது. தும்பை இழுத்து அளந்த மட்டோடு இது ஒத்துவராவிட்டால் பயப்படாதீர்கள். செலுலோசு இழைகள் நீளவாக்கில் விறைப்பு, குறுக்கே மெது. ஊசி எல்லாத் திசையிலும் அமுக்குகிறது, இழுவைச் சோதனை ஒரு திசையில்தான் இழுக்கிறது. தும்பின் உள்ளே வெறும் குழிகளும் உண்டு.

ஆகவே முதலில் தனித் தும்பை இழுத்துப் பாருங்கள். உயர்தரத்தில் கம்பிக்குச் செய்த யங்கின் மட்டுச் செய்முறையின் அதே தத்துவம். அதன் பிறகு சீவிய மாதிரியை வெளி ஆய்கூடத்துக்கு அனுப்புங்கள். அனுப்பும்போதே விசைக்கோடுகளின் மூலத் தரவையும் வில் மாறிலியையும் முனை ஆரையையும் கேட்டு எழுதிவிடுங்கள். பிறகு கேட்டால் கிடைப்பது கஷ்டம்.