காட்டு மண்ணும் காற்று மாசும்: காவிரிப் படுகையிலிருந்து சில கேள்விகள்

வேதாரண்யம், கல்லூரி மாணவி: காற்று மாசு இலையைக் கெடுக்கும் என்பது தெரியும். மண் வெளியிடும் வாயுக்களை அது எவ்வாறு மாற்றுகிறது, ஐயா?

பதில்: காற்றில் கலக்கும் அம்மோனியாவும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் மழையோடும் தூசியோடும் இறங்கி, யாரும் இடாத உரமாகக் காட்டு மண்ணில் சேர்கின்றன. காற்றோட்டமுள்ள மண்ணில் காற்றின் மீத்தேனையே உண்டு வாழும் பாக்டீரியாக்கள் உண்டு. உலக அளவில் இத்தகைய மண் ஆண்டுக்குச் சுமார் 3 கோடி டன் மீத்தேனை உறிஞ்சுவதாக மதிப்பிடுகிறார்கள். மீத்தேனைச் சிதைக்கும் நொதி அம்மோனியாவையும் பற்றிக்கொள்ளும் இயல்புடையது என்பதால், மண்ணில் அம்மோனியம் மிகும்போது மீத்தேன் உறிஞ்சப்படுவது குறைகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் காடுகளில் நைட்ரஜன் உரமிட்டுப் பார்த்த ஆய்வு 1989இலேயே இதைக் காட்டியது. அதே நைட்ரஜனை வேறு நுண்ணுயிரிகள் நைட்ரேட்டாக்கும்போதும், அந்த நைட்ரேட்டைச் சிதைக்கும்போதும் நைட்ரஸ் ஆக்சைடு வெளியேறுகிறது. நூறாண்டுக் கணக்கில், புவியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைவிடச் சுமார் 273 மடங்கு வீரியமுள்ளது. எனவே சிறு கசிவையும் அலட்சியப்படுத்த முடியாது.

கும்பகோணம், ஆசிரியர்: கரியமில வாயுவும் கூடுமா?

பதில்: பல குளிர்நாட்டுக் காடுகளில் குறைந்திருக்கிறது, கூடுதல் நைட்ரஜன் அங்கே சருகு மட்குவதைத் தாமதப்படுத்துகிறது. வெப்பமண்டல மண்ணில் பெரும்பாலும் பாஸ்பரஸுக்கே தட்டுப்பாடு என்பதால், அந்த முடிவை அப்படியே இங்கே பொருத்துவதை நான் ஏற்பதில்லை.

திருத்துறைப்பூண்டி, விவசாயி: நெய்வேலி அனல்மின் நிலையப் புகையைத்தான் குற்றம் சொல்ல வேண்டுமா?

பதில்: நிலக்கரி எரியும் புகைபோக்கி கந்தக டை ஆக்சைடையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் தருகிறது. அம்மோனியாவோ பெரும்பாலும் வயலிலிருந்தும் கால்நடைச் சாணம், சிறுநீரிலிருந்தும் எழுவது. தேங்கிய நீரில் யூரியாவை மேலாக வீசினால், வெயிலேற ஏறப் பாசி நீரிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொள்ள, நீரின் காரத்தன்மை உயர்ந்து அம்மோனியா ஆவியாகப் பறக்கிறது. அதில் கணிசமான பங்கு அருகிலேயே படிந்துவிடும். ஆகவே காட்டை ஒட்டிய வயலையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பேன். சொல்வதற்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

முத்துப்பேட்டை, வாசகர்: அலையாத்திக் காட்டிலும் இதே கதைதானா?

பதில்: இல்லை. அங்கே சேற்றில் ஆக்சிஜன் அரிது. மீத்தேன் உறிஞ்சப்படுவதைவிட உருவாவதே முதன்மை. நன்னீர்ச் சதுப்புகளில் அமில மழை கொண்டுவரும் சல்பேட், மீத்தேன் உருவாவதைத் தடுக்கும். ஏனெனில் சல்பேட்டைப் பயன்படுத்தும் பாக்டீரியாக்கள் உணவுப் போட்டியில் முந்திக்கொள்கின்றன. ஆனால் ஒரு லிட்டர் கடல்நீரிலேயே சுமார் 2.7 கிராம் சல்பேட் இருப்பதால், முத்துப்பேட்டையில் காற்று கொண்டுவருவது பொருட்டே அல்ல. வடகிழக்குப் பருவமழையில் பாமணியாறும் கோரையாறும் காயலின் உப்பைக் குறைக்கும்போது அந்தத் தடை தளர்கிறது. நைட்ரஸ் ஆக்சைடைப் பொறுத்தவரை, வயல் வடிகாலும் இறால் பண்ணைக் கழிவுநீரும் சுமந்துவரும் நைட்ரஜனையே அங்கே முதலில் கவனிக்க வேண்டும்.

கோடியக்கரை, ஆய்வு மாணவர்: எங்கள் மணற்காட்டில் அளக்க விரும்புகிறேன். எப்படித் தொடங்குவது?

பதில்: மண்ணில் ஒரு வளையத்தைப் பதித்து, சில நாள் கழித்து அதன்மேல் மூடிய பெட்டியைப் பொருத்தி, அரை மணி நேரத்தில் பலமுறை ஊசிக்குழலால் காற்றை எடுத்து, வாயுக்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பிரிகை கருவியில் அளப்பதே வழக்கம். கோடை, மழை இரண்டிலும் அளக்க வேண்டும். முதல் மழைக்குப் பிந்தைய நாட்களை விட்டுவிடாதீர்கள். பெட்டியைச் சீமைக்கருவேல மரத்தடியில் வைக்க வேண்டாம். அதன் வேர்முடிச்சுகளே காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பதால், மாசின் பங்கை அங்கே பிரித்தறிய இயலாது.